பான் வினாய்: பிள்ளைகளின் பெயர் தேடி ஒரு பயணம்

டிசம்பர் 12, வியாழன் - சரபுரி

பாங்காக் நெரிசலுக்குப் பயந்து விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். என் தோழி, அவளுடைய அம்மா, நான், ஓட்டுநர். தோழியும் நானும் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். அவள் குடும்பம் ஹ்மாங் என்ற மலைவாழ் இனத்தைச் சேர்ந்தது. 1975க்குப் பிறகு லாவோஸ் மலைகளைவிட்டு ஓடி, மெகாங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்து முகாம்களில் பல வருடம் கிடந்து, அப்புறம் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. லோய் மாகாணத்தில் பான் வினாய் என்ற முகாமில் அவர் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தார். ஒருவன் நாலு வயதுப் பையன். இன்னொன்று பெண் குழந்தை, பிறந்த இரண்டாம் நாளே போய்விட்டது. இருவரையும் புதைத்த இடத்தில் எந்த அடையாளமும் கிடையாது. கடைசியாக ஒருதரம் அங்கே போக வேண்டும் என்று அம்மா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நான் இப்போது பாங்காக்கில் இருப்பதால் என்னையும் கூப்பிட்டார்கள்.

லாவோஸில் நடந்த போரைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசியதில்லை. 1961லிருந்து அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. ஹ்மாங் ஆண்களைத் திரட்டிக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகச் சண்டை போட வைத்தது. வாங் பாவ் என்ற ஹ்மாங் தளபதி அந்தப் படையை நடத்தினார். ஆண்கள் செத்துத் தீர்ந்தபோது பதின்மூன்று, பதினாலு வயதுப் பையன்கள் துப்பாக்கி தூக்கினார்கள். 1964க்கும் 1973க்கும் இடையில் அமெரிக்க விமானங்கள் அந்தச் சின்ன நாட்டின் மேல் இருபது லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு போட்டன. 1975 மே மாதம், கம்யூனிஸ்டுகளின் கை ஓங்கியபோது, வாங் பாவை லோங் தியெங் படைத் தளத்திலிருந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். விமானத்தில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மிச்சம் இருந்தவர்கள் காட்டு வழியே நடந்தார்கள்.

முதல் நிறுத்தம் சரபுரி மாகாணத்தில் வாட் தாம் கிராபோக். போதைப் பழக்கத்தை மூலிகைக் கஷாயம் கொடுத்து, வாந்தி எடுக்க வைத்துக் குணப்படுத்தும் பௌத்த மடம். அதை வளர்த்த சம்ரூன் என்ற துறவிக்கு 1975இல் மகசேசே விருது கிடைத்தது. முகாம்கள் மூடப்பட்ட பிறகு போக்கிடம் இல்லாத ஹ்மாங் மக்களுக்கு அவர்தான் மடத்து நிலத்தில் இடம் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் வந்து குடிசை போட்டார்கள். 2003 கடைசியில் அமெரிக்கா அவர்களை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. அடுத்த இரண்டு வருடங்களில் சுமார் 15,000 பேர் கிளம்பிப் போனார்கள்.

இறந்தவர்கள் இங்கேயே இருந்தார்கள். 2005இல் அந்த நிலத்திலிருந்த 900க்கும் மேற்பட்ட ஹ்மாங் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். குடிநீர் கெட்டுப்போகிறது என்று காரணம் சொன்னார்கள். ஹ்மாங் வழக்கத்தில் செத்தவர்களை எரிப்பதில்லை, புதைத்த இடத்தைக் கிளறுவதும் இல்லை. கிளறினால் உயிரோடிருக்கும் பிள்ளைகுட்டிகளுக்கு நோய்வரும் என்று நம்புகிறவர்கள். மினசோட்டாவிலும் கலிபோர்னியாவிலும் இருந்தவர்களுக்குச் சேதி தெரிந்தபோது வேலை முடிந்திருந்தது. தோண்டும் காட்சிகளை வீடியோவில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் தங்கை அதில் ஒருத்தி. அவருடைய பேத்தி அங்கே புதைக்கப்பட்டிருந்தாள்.

பெரிய கருப்புப் புத்தர் சிலைகளுக்கு முன்னால் அம்மா கொஞ்ச நேரம் நின்றார். கல்லறைகள் இருந்த பக்கத்தை யாரிடமும் கேட்க வேண்டாம் என்றார். பத்து நிமிடத்தில் வண்டிக்குத் திரும்பிவிட்டோம். வழியில் ஒரு கடையில் சூடாகக் கறி பஃப் வாங்கினோம். சரபுரிப் பக்கம் அதற்குப் பேர்போன ஊர். பெட்டி 60 பாட். ஒரு பாட் அப்போது நம் கணக்கில் இரண்டரை ரூபாய் போல. உள்ளே உருளைக்கிழங்கும் மசாலாவும். அம்மா ஒன்றைப் பிட்டு ஓட்டுநருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிட்டார். இதை எல்லா ஊரிலும் செய்தார்.

டிசம்பர் 13, வெள்ளி - கெக் நோய்

21ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே. லோப்புரி பக்கம் சூரியகாந்தி வயல்கள் பூத்துக் கிடந்தன. உள்ளே போய்ப் படம் எடுக்க 20 பாட். நிறைய பேர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நிற்கவில்லை. மதியம் விச்சியன் புரியில் சுட்ட கோழி. சாலை முழுக்க அதே கடைகள்தான். கோழி 180 பாட், பப்பாளிச் சாலட் 50, மூங்கில் கூடையில் ஒட்டரிசி 10. தொட்டுக்கொள்ளப் புளியும் மிளகாயும் சேர்ந்த ஒரு குழம்பு. தோழி நான்கு கூடை அரிசியைக் காலி செய்தாள்.

பெட்சபூன் இனிப்புப் புளிக்குப் பெயர் பெற்றது. சாலையோரம் கிலோ 100 பாட்டுக்கு மலைபோல் குவித்து வைத்திருந்தார்கள். புளியை உரித்து மிட்டாய் மாதிரிச் சாப்பிடுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

லோம் சக் தாண்டி மேற்கே மலை ஏறினால் கெக் நோய். தாய்லாந்தில் ஹ்மாங் மக்கள் மிக அதிகமாக வாழும் ஊர்களில் ஒன்று. மாலையில் குளிர் பன்னிரண்டு டிகிரிக்கு வந்துவிட்டது. புது வருடக் கொண்டாட்டத்துக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. பெண்கள் வாசலில் உட்கார்ந்து பாவாடைக்கு மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நாணயங்கள் தைத்த இடுப்புக் கச்சைகளைக் கொடியில் போட்டிருந்தார்கள், காற்றடித்தால் கலகலவென்று சத்தம். அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரர்கள் நிறைய. ஒரு பெட்டிக்கடையில் டாலரை வாங்கிக்கொண்டு தாய்லாந்துப் பணத்தில் சில்லறை கொடுத்ததைப் பார்த்தேன்.

இங்கே யாரும் முதலில் ஊரைக் கேட்பதில்லை. எந்தக் குலம் என்றுதான் கேட்கிறார்கள். ஹ்மாங் மக்களில் பதினெட்டுக் குலம் என்று ஒரு கணக்கு. ஒரே குலம் என்றால் அந்த நிமிடமே அண்ணன் தங்கைதான், அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. அம்மா பெயரைச் சொன்னதும் எங்களுக்குத் தங்க இடம் கிடைத்தது. வாடகை பற்றிப் பேசவே விடவில்லை. இரவு சாப்பாட்டுக்குக் கடுகுக் கீரையோடு வேகவைத்த பன்றிக்கறி, சோறு, அம்மியில் இடித்த மிளகாய்த் துவையல். கீரைத் தண்ணீரை உப்புப் போடாமல் குடிக்கிறார்கள். குளிருக்கு அது அமுதம். அப்புறம் இடித்த ஒட்டரிசியை வட்டமாகத் தட்டி, கரியில் சுட்டு, வெல்லப்பாகு ஊற்றிக் கொடுத்தார்கள்.

தோழியிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இரண்டு வருடமாகச் செயின்ட் பாலில் கிழவிகளின் வீடு வீடாகப் போய் எழுதியது. பிள்ளையின் பெயர், குலம், எந்த வருடம், எந்த நோய், முகாமில் எத்தனையாம் பகுதி, எந்தப் பக்கத்துச் சரிவில் புதைத்தார்கள். பான் வினாய் முகாம் 1975 டிசம்பரில் தொடங்கி 1992 கடைசியில் மூடப்பட்டது. சுமார் 400 ஏக்கர் நிலம். 1980களின் நடுவில் அதில் 40,000க்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தார்கள். வயிற்றுப்போக்கு, நிமோனியா, சத்துக்குறைவு. சின்னப் பிள்ளைகள்தான் அதிகம் போனார்கள். ஆற்றைக் கடக்கும்போதே போனவர்களும் உண்டு. அழுகைச் சத்தம் கேட்டுச் சிப்பாய்கள் சுட்டுவிடுவார்கள் என்று கைக்குழந்தைக்கு அபின் கொடுத்துத் தூங்கவைப்பார்கள். அளவு கூடினால் குழந்தை விழிக்காது. அந்தக் குழந்தைகளை அக்கரையில் காட்டில் புதைத்துவிட்டு நடந்தவர்களின் பக்கங்கள் நோட்டில் தனியாக இருக்கின்றன.

சாப்பாடு முடிந்ததும் தோழி நோட்டை எடுத்து, எதற்காக வந்திருக்கிறோம் என்று சொன்னாள். வீட்டுப் பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் சாவு வீடுகளில் ஆன்மாவுக்கு வழிகாட்டும் பாட்டுப் பாடுகிறவர். கோபப்படாமல், பொறுமையாகத்தான் பேசினார். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் காலையில் ஆன்மாவை அழைத்துப் பெயர் வைப்பது ஹ்மாங் வழக்கம். அதற்கு முன்னால் போன குழந்தைக்குச் சடங்கு எதுவும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்குச் சடங்கு சுருக்கம்தான். அவர் சொன்னது இது: "போன உயிர் எப்போதோ வேறு வயிற்றில் பிறந்து வந்திருக்கும். நாற்பது வருடம் கழித்துக் கல்லில் பெயர் எழுதிக் கூப்பிட்டால் அதற்குத்தான் தொந்தரவு."

எனக்கு இதில் அந்நியமாக எதுவும் படவில்லை. நம் ஊரிலும் கைக்குழந்தை இறந்தால் எரிப்பதில்லை, அமைதியாகப் புதைத்துவிட்டுக் குளித்து வருவார்கள், காரியம் என்று எதுவும் செய்வதில்லை. என் பாட்டிக்கு அப்படிப் போன குழந்தைகள் இருந்தன என்று அத்தை சொல்லித்தான் தெரியும். பாட்டி வாயால் ஒருநாளும் கேட்டதில்லை.

அம்மா அவருக்குப் பதில் சொன்னார். தோழி எனக்கு மெல்ல மொழிபெயர்த்தாள். "அண்ணே, நீங்கள் சொல்வது சரிதான். பிள்ளைக்கு வழி தெரியும், அது போய்விட்டது. கல் பிள்ளைக்கு வேண்டாம். நாளைக்கு மண்வெட்டியோடு வருகிறவனுக்கு வேண்டும். தாம் கிராபோக்கில் என் தங்கை பேத்தியை எடுத்துப்போட்டபோது, இது யார் என்று கேட்க அங்கே யாரும் இல்லை."

பெரியவர் உடனே எதுவும் சொல்லவில்லை. புகையிலையைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியில் பாத்திரம் கழுவப் போனேன். விருந்தாளி கழுவக்கூடாது என்று பிடுங்கிக்கொண்டார்கள். அங்கே பெரியவரின் மனைவி தோழியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏதோ சொல்ல, அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அவர்களும் பான் வினாயில் இருந்தவர்களாம். இரட்டைக் குழந்தைகள், 1983. ஒன்று இரண்டே நாள் இருந்தது, இன்னொன்று இரண்டு மாதம். இரண்டாவது குழந்தையின் பெயரைச் சொல்லும்போது அந்த அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். பெரியவருக்குத் தெரியுமா என்று தோழி கேட்டாள். "அவர்தானே இரண்டையும் மண்ணில் வைத்தார்" என்றார்.

இந்தப் பயணத்தில் மற்ற எதையும்விட அந்த அடுப்படிப் பேச்சைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஹ்மாங் மக்கள் போரில் செத்த தங்கள் ஆண்களுக்கு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். 1997இல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் ஒரு கல்வெட்டு, 2016இல் மினசோட்டா சட்டமன்ற வளாகத்தில் மூங்கில் குருத்து வடிவத்தில் ஒரு வெண்கலச் சின்னம். அதற்காக எத்தனையோ வருடம் கேட்டுப் போராடி வாங்கினார்கள், வாங்கவேண்டியதுதான். குழந்தைகளைச் சுமக்கும் வேலையை மட்டும் ஒவ்வொரு அம்மாவின் தலையிலும் தனித்தனியாக விட்டுவிட்டார்கள். அவர்களும் அடுப்படியில் வைத்துத்தான் அதைப் பேசிக்கொள்கிறார்கள். அந்த அம்மாக்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே குலங்கள் ஒன்றாக உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும். இதில் நான் வெளியாள், சொல்ல உரிமை இருக்கிறதா என்று தோழியிடம் கேட்டேன். "எழுது. எங்கள் ஆட்கள் வெளியாள் சொன்னால்தான் காது கொடுப்பார்கள்" என்றாள்.

டிசம்பர் 14, சனி - பூ ருவா, லோய்

காலையில் மலையிறங்கி லோம் சக்கில் கனோம் ஜீன். இடியாப்பம் மாதிரி அரிசி நூலைச் சின்னச் சின்ன உருண்டையாகச் சுற்றி வைத்து, மேலே நாம் கேட்கும் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். பக்கத்தில் ஒரு தட்டு நிறையக் கீரையும் காயும் இலவசம். எல்லோருக்கும் சேர்த்து 120 பாட்.

பூ ருவா ஏற்றத்தில் டயர் வெடித்தது. வண்டியில் மாற்று டயர் இருந்தது, ஜாக்கி கிடையாது. வாடகைக்கு விட்ட இடத்தில் எல்லாம் சரிபார்த்தாகிவிட்டது என்று கையெழுத்து வேறு வாங்கியிருந்தார்கள். வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, குளிர்காற்றில் ஒரு மணி நேரம் போல நின்றோம். அம்மாவுக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. முட்டைக்கோஸ் ஏற்றிய பிக்கப் வண்டி ஒன்று தானாக நின்றது. உள்ளிருந்து புருஷனும் பெண்டாட்டியும் இறங்கினார்கள். அந்த அம்மா முதலில் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி எங்கள் அம்மாவுக்குப் போட்டுவிட்டார், அப்புறம்தான் என்ன ஏது என்று விசாரித்தார். அவர் கணவர் இருபது நிமிடத்தில் டயரை மாற்றிவிட்டார். தோழி 500 பாட் நீட்ட, அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பின்னாலேயே நகர்ந்து போனார். பணம் வாங்கவில்லை. முட்டைக்கோஸ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கம்பளிச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனால், பாட்டி கீழே போகும்வரை போட்டிருக்கட்டும் என்று அதையும் விட்டுவிட்டார்கள்.

லோய் நகரில் பஞ்சர் ஒட்ட 150 பாட். விடுதிக்காரி எங்கள் முட்டைக்கோஸை வாங்கிக்கொண்டு இரவு அதையே சூப்பாக வைத்துக் கொடுத்தாள். எல்லோரும் சீக்கிரம் படுத்துவிட்டோம்.

டிசம்பர் 15, ஞாயிறு - பான் வினாய்

சியாங் கான் ஆற்றங்கரை மரவீடுகளும் நடைபாதைக் கடைகளும் சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்த இடம். நாங்கள் அங்கே காலைக் காபி குடித்ததோடு சரி. அங்கிருந்து மெகாங் ஓரமாகவே நாற்பது கிலோமீட்டர் போலப் போனால் பாக் சோம். குளிர்காலத்தில் ஆற்றில் தண்ணீர் குறைந்து பாறையும் மணலும் வெளியே தெரிந்தன. அக்கரை லாவோஸ். இங்கிருந்து பார்த்தால் நீந்திவிடலாம் என்று தோன்றும். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தும் ஆற்றைப் பார்க்கவில்லை. "மழைக்காலத்தில் வந்து பார், இது இரண்டு மடங்கு" என்றார்.

பாக் சோமில் இறங்கி அரிசிக் கஞ்சி சாப்பிட்டோம். கடைக்காரர் அம்மாவின் லாவோ பேச்சைக் கேட்டதும் எங்கிருந்து என்று விசாரித்தார். அமெரிக்கா என்றதும், "ஓ, முகாம் பார்க்க வந்தவர்களா" என்றார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி ஆட்கள் வருகிறார்களாம். ஒருவர் வந்து சிமெண்டுத் தரையில் படுத்துக்கொண்டு அழுதாராம். கஞ்சிக்குக் காசு வாங்கினார், டீக்கு வாங்கவில்லை.

பான் வினாயில் பழைய முகாமை அடையாளம் சொல்லச் சிதைந்த சிமெண்டுத் தளங்கள்தான் மிச்சம். மற்றதெல்லாம் ரப்பர் மரமும் மரவள்ளியும். வரிசை வரிசையாகத் தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகைகள், ஒரு கொட்டகைக்குப் பத்துக் குடும்பம் என்று இருந்த இடம். இங்கே கைவேலை செய்து விற்க ஆரம்பித்த பெண்கள்தான், பூவேலைக்குப் பதிலாகத் தாங்கள் பட்ட கதையையே துணியில் தைக்கும் வழக்கத்தை வளர்த்தார்கள். விமானம், குண்டு, ஆறு, ஆற்றில் மிதக்கும் ஆட்கள். உலகத்து மியூசியங்களில் இன்று அந்தத் துணிகள் தொங்குகின்றன.

அம்மா வண்டியைவிட்டு இறங்கியதும் வேகமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். எங்களால் பின்தொடர முடியவில்லை. தண்ணீர்த் தொட்டி இருந்த இடம் என்று ஒரு மேட்டைக் காட்டினார். அதிலிருந்து இடது பக்கம், பிறகு சரிவு. ஆனால் சரிவில் எல்லாம் ரப்பர். ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி வரிசை. அம்மா அங்கே வந்து நின்றுவிட்டார். இரண்டு மூன்று முறை திரும்பித் திரும்பிப் பார்த்தார். எந்த மரத்துக்கு அடியில் என்று சொல்ல முடியவில்லை.

ரப்பர் பால் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். பையனாக இருந்தபோது முகாம் வேலியோரம் ஐஸும் காய்கறியும் விற்றவராம். அவருக்கும் அம்மாவுக்கும் லாவோ மொழியில் பேச்சு தடையில்லாமல் ஓடியது. கன்று நட நிலத்தைத் திருத்தும்போது கற்குவியல்கள் நிறைய இருந்ததாகச் சொன்னார். பெரிய குவியல்களைத் தொடாமல் சுற்றி நட்டிருக்கிறார். சின்னக் குவியல்கள் கல்லறை என்று தெரியாமல் அள்ளி ஓரத்தில் போட்டாராம். "யாரும் சொல்லவில்லையே. ஒரு பலகை இருந்திருந்தால் தொட்டிருக்க மாட்டேன்" என்றார். சொல்லும்போது கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மா அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஹ்மாங் கல்லறைகளில் பெயர் பொறிப்பது பழைய வழக்கம் இல்லை. மலைச்சரிவில் நல்ல இடம் பார்த்துப் புதைத்து, மேலே கல் அடுக்குவார்கள். இன்று பரவலாகப் புழங்கும் ரோமன் எழுத்து முறையே 1950களில்தான் லாவோஸில் உருவானது. எந்தக் கல்லுக்குக் கீழே யார் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். ஊரே பக்கத்தில் இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. ஊர் மொத்தமும் கடல் தாண்டிப் போனபிறகு அந்தக் கற்கள் வெறும் கற்களாகிவிட்டன.

அவர் எங்களைத் தோட்டத்தின் மேல் மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு மூங்கில் புதர், அதை ஒட்டி அவர் அள்ளிப்போட்ட கற்கள், பாசி பிடித்து. பேய்க்குப் பயந்து அந்த மூங்கிலை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறாராம். அம்மா உட்கார்ந்து, பையிலிருந்து வேகவைத்த முட்டையும் சோறும் எடுத்து வைத்தார். மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை, ஊதுவத்தி நின்றது. தோழி நோட்டிலிருந்த பெயர்களைச் சத்தமாகப் படித்தாள். நீண்ட நேரம் ஆனது. கெக் நோய் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும்தான் பெயர், இன்னொன்றுக்கு அம்மா அப்பா குலத்தைச் சொன்னாள். தன் தங்கையையும் அப்படியே சொன்னாள். ரப்பர் தோட்டக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

அப்புறம் அம்மா ஒன்று சொன்னார். ஹ்மாங் சாவுச் சடங்கில், இறந்தவரின் ஆன்மாவை அவர் வாழ்ந்த ஊர்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் பின்னோக்கி அழைத்துப்போய், பிறந்த வீட்டில் நச்சுக்கொடி புதைத்த இடம்வரை சேர்ப்பார்கள். வழிகாட்டும் பாட்டில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். செயின்ட் பாலில் சாகிற கிழவர்களுக்குப் பாடும்போது பான் வினாயும் வரும். "எனக்குப் பாடும்போதும் இந்த வழியாகத்தான் கூட்டி வருவார்கள். வரும்போது என் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அடையாளம் வேண்டாமா?"

நான் அங்கேயே அழுதுவிட்டேன். இதை மறைக்க ஒன்றும் இல்லை.

இடம் சரியாகத் தெரியாமல் எங்கே கல் வைப்பது என்று தோழிக்கு இத்தனை நாள் ஒரு தயக்கம் இருந்தது. எல்லா ரப்பர் மரத்தடியையும் தோண்டிப் பார்த்து இது இன்னார் என்று கண்டுபிடிக்கப் போவதில்லை, தோண்டவும் கூடாது. இந்த மூங்கில் மூலையில் எல்லாப் பெயர்களையும் சேர்த்து ஒரே கல். அதுதான் முடியும், அது போதும் என்று எனக்குப் பட்டது. அம்மா அதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது, மூலையைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார்.

தோட்டக்காரருக்குச் சம்மதம். ஆனால் நிலத்தில் அவருக்குச் சாகுபடி உரிமை மட்டும்தான். கல் நிறுத்த வேண்டுமானால் ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது.

டிசம்பர் 16, திங்கள் - பாக் சோம், லோய்

ஊராட்சி அலுவலகத்தில் மரியாதையாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மனுவைத் தாய்லாந்து மொழியில் கொடுக்க வேண்டும், யார் சார்பில் என்று எழுத வேண்டும் என்றார்கள். தனி ஆள் பெயரில் கொடுத்தால் அந்த ஆளுக்குப் பிறகு கேட்பாரற்றுப் போகும், ஒரு சங்கம் அல்லது ஊர் பெயரில் கொடுங்கள் என்று அங்கிருந்த இளம்பெண் எழுத்தர் சொன்னாள். அவள் பிறந்தபோது முகாமே இருந்திருக்காது. வெளியே வந்ததும் தோழி கெக் நோய்க்குப் போன் போட்டாள். எடுத்தவர் பெரியவர். மனுவில் தாய்லாந்துக்காரர் ஒருவர் கையெழுத்தும் வேண்டும், நீங்கள் போடுவீர்களா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு, கல்லை எந்தத் திசை பார்த்து வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாராம். கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள். மலை பின்னால் இருக்க வேண்டும், முன்னால் திறப்பாக இருக்க வேண்டும், ஓடை நேராக வந்து முட்டக்கூடாது. தானே வந்து பார்க்காமல் எதையும் நட்டுவிடாதீர்கள் என்று கடைசியில் சொன்னார்.

மதியம் லோயில் கல்வேலை செய்கிற ஒருவரைப் பார்த்தோம். கருப்புக் கிரானைட், ஆளுயரம், 18,000 பாட். எழுத்துக்குத் தனி. இத்தனை பெயரா என்று நோட்டைப் புரட்டினார். செயின்ட் பாலில் இன்னும் போகாத வீடுகள் இருக்கின்றன, பட்டியல் கூடும் என்றாள் தோழி. அப்படியானால் கீழே பாதியை வழவழப்பாக விட்டுவைக்கிறேன், பிறகு வந்து பொறித்துத் தருகிறேன், அதற்கு வண்டிக்கூலி தர வேண்டும் என்றார். அம்மா விலை பேச ஆரம்பித்தார். சின்னப் பிள்ளைகளின் பெயர், எழுத்துக்குக் காசு வாங்குவாயா என்று நேராகவே கேட்டுவிட்டார். அவர் சிரிக்கவில்லை. கால்குலேட்டரை ஓரமாக வைத்துவிட்டு, கல்லுக்கு மட்டும் 16,000 கொடுங்கள் என்றார். முன்பணம் கொடுக்கவில்லை. ஊராட்சிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான். தோழி ஜனவரியில் குலப் பெரியவர்கள் கூடும்போது நோட்டை வைக்கப்போகிறாள். எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள் என்று அவள் நினைக்கவில்லை, ஆனால் பெயர் கொடுத்த அம்மாக்களை அன்றைக்கு முன்வரிசையில் உட்கார வைப்பது என்று முடிவு செய்திருக்கிறாள்.

பூ ருவா வழியாகத்தான் திரும்ப வேண்டும். கம்பளிச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க அந்த முட்டைக்கோஸ் வண்டிக்காரர்களை எங்கே தேடுவது என்று அம்மா ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் சந்தையில் பிடிக்கலாம் என்கிறார் அவர்.